கேளாத ஒலிக்கு ஒரு ரசீது

"சத்தம் வரலை" என்றுதான் போன்.
கீழ்கோத்தகிரி பஸ்ஸில் இறங்கி
தேயிலைக்கு நடுவே நடந்தேன்.
வாடகைக்கு எடுத்த தகரக் கூரை வீடு.
வௌவால் ஆராய்ச்சியாம். பெயர் எமரன்சி, தூத்துக்குடிப் பக்கம்.
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே
லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

வெளியே கம்பத்தில் ஸ்பீக்கர்.
மேசையில் சோப்புப் பெட்டி அளவில் சவுண்ட் கார்டு.
பிளே அழுத்தினேன்.
டிக். டிக். ஈரத் தீக்குச்சி உரசுகிற மாதிரி.
"வருதே மேடம்."
"அது வரக்கூடாது.
நம்ம காதுக்கு ஒண்ணுமே கேட்கக்கூடாது."

பதினாறு வருஷத் தொழிலில்
கேட்காத சத்தத்தைப் பழுது பார்க்க
யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

வயரை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன்.
டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இல்லை;
எல்லாம் நலம் என்றது விண்டோஸ்.
கேட்காமலே நலம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.
பஃபரைக் கூட்டினேன். டிக் நின்றது.
அறை முழுக்க அமைதி.
"சரியாயிடுச்சு."
"இல்லை. இந்த அமைதி செவ்வாய்க்கிழமையும் இருந்தது.
ஒரு வௌவால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை."

பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
வினாடிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் துண்டாக
அவள் பதிந்து வைத்த குரலை
விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட பொது டிரைவர்
நாற்பத்தெட்டாயிரமாக அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது,
ரேஷன் கடைத் தராசு மாதிரி, முகம் மாறாமல்.
பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.
வௌவாலின் பேச்சு மொத்தமும்
வெட்டுப்பட்ட பாதியில் இருந்தது.

கம்பெனி டிரைவரை இறக்க வேண்டும். வீட்டில் சிக்னல் கிடையாது.
மூன்றாம் வளைவில் இரண்டு கோடு கிடைக்கும் என்றாள்.
வளைவில் ஒரு காட்டெருமை நின்றது.
நாற்பத்தொரு எம்.பி.
நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அது மென்றுகொண்டிருந்தது.
தொண்ணூற்றாறு சதவீதத்தில் தலையை நிமிர்த்தியது.
நானும் அசையவில்லை, அந்தத் தொண்ணூற்றாறும் அசையவில்லை.
மூடுபனி வந்து எங்கள் மூவரையும் மூடியது.
எப்போது நூறானது தெரியாது.

பழையதை நீக்கி, புதியதை ஏற்றி,
ஒருமுறை அணைத்துப் போட்டு,
இருபத்துநாலு பிட், முழு எண்ணிக்கை,
வேறு எந்த நிரலும் நடுவில் நுழையாதபடி ஒரு டிக்.
மணி ஆறே முக்கால். பிளே.

ஒன்றும் கேட்கவில்லை.

எமரன்சி விரலை உயர்த்தினாள்.
சில்வர் ஓக் பக்கமிருந்து
கிழிந்த குடைத்துணி மாதிரி ஒன்று வந்து
ஸ்பீக்கரைச் சுற்றியது, போனது, திரும்பியது.
பின்னாலேயே இன்னொன்று.
அவள் சிரிக்கவில்லை. நோட்டில் நேரம் குறித்தாள்.

ரசீதில் 'குறைபாடு' என்ற கட்டத்தில்
சத்தம் வரவில்லை என்று எழுதினேன்.
'வேலை முடிந்தபின்' என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
சத்தம் வரவில்லை என்று எழுதினேன்.
ஐநூறு ரூபாய்.

கடையில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று
டார்ச் அடித்தபடி வளைவு வரை வந்தேன்.
எருமை போயிருந்தது.
சாணி மட்டும் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.