தோற்றவனுக்கும் ஒரு கவர்

முதலில் தொலைபேசிதான் வந்தது.
"உங்க வழக்கு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு"
லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஒரு பெண் சொன்னாள்,
கடையில் சட்டைத் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதுபோல்.
கென்டக்கியில், பாதி பிரித்த கூரைமேல் நின்றபடி
கார்பின் ஹேடிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.
வாயில் நான்கு ஆணிகள்.
மறுத்துப் பேசமுடியாத வாய்.

விமானச் சீட்டு எங்களுடையது, என்றாள்.
இரண்டு ராத்திரி ஓட்டல் எங்களுடையது.
சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு நாற்பது டாலர்.
வந்து நின்றதற்கு இருநூற்றைம்பது.
பிறகு குரலைத் தாழ்த்தி:
தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போனால்
அந்தப் பணமும் எங்களுடையது.

ஆணிகளைத் துப்பிவிட்டுக் கேட்டான்,
"அப்போ நான் தோத்தா?"
"இங்க யாரும் தோக்கறதில்ல சார்.
கொஞ்சம் கோபமா மட்டும் இருங்க."

கடன் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
கொடுத்தவள் ட்ரீனா ஸ்டம்போ,
பழைய மனைவியின் அக்கா,
பல் மருத்துவரின் வாசல் மேசையில் வேலை.
டிரக்கின் கியர்பாக்ஸுக்கு என்று வாங்கினான்.
கியர்பாக்ஸுக்குத்தான் போட்டான், அதில் பொய்யில்லை.
திருப்பித் தருகிறேன் என்று சொன்னதுதான்
விவாகரத்துப் பெட்டிகளோடு எங்கோ போயிற்று.

ஸ்டூடியோவில் எலும்பைத் தொடும் குளிர்.
பவுடர் பூசியவன் சொன்னான்,
"வேர்க்கவிடாதீங்க, வேர்த்தா பொய் மாதிரி தெரியும்."
பின்வரிசையில் தலையாட்டும் கூட்டத்துக்கும் தினக்கூலி.
ஒருவர் மூன்று சட்டைகளோடு வந்திருந்தார்.
இன்று அவர் திங்கள், செவ்வாய், புதன்.

ஏழு நிமிடம். அவ்வளவுதான் வழக்கு.
"அன்பளிப்பா?" என்றார் நீதிபதி அம்மாள்,
"அன்பளிப்புக்கு எவனாவது கைச்சீட்டு எழுதிக் கொடுப்பானா?"
விளக்கு எரிந்தது, கூட்டம் சிரித்தது.
ட்ரீனா சிரிக்கவில்லை.
கார்பின் சொன்னபடியே கோபமாக இருந்தான்;
பாதியில் அது நிஜக் கோபமாகிவிட்டது,
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வழக்கில் தோற்றவன் செத்தான் என்பார்கள்.
சொன்னவர்கள் இந்தக் கணக்குப்பிரிவு ஜன்னலைப் பார்த்ததில்லை.
இருவருக்கும் ஒரே நிறக் கவர்.
இருவருக்கும் ஒரே பேனா, கயிற்றில் கட்டியது.
ட்ரீனா கையெழுத்திட்டுவிட்டு
திரும்பிப் பார்க்காமல் பேனாவைப் பின்னால் நீட்டினாள்.
கயிறு எட்டவில்லை.
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச்சில் ஒளிபரப்பு. ஜூனில் மறுபடி.
நவம்பரில், மழை நாளொன்றில், மறுபடி.
மறுபடிகளுக்குக் காசு கிடையாது,
ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கம்.
மளிகைக் கடைப் பையன் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே
"நீங்கதானே அந்தக் கியர்பாக்ஸ்?" என்றான்.
கூரை மாற்றக் கூப்பிட்ட ஒரு வீட்டில்
முன்பணம் தர யோசித்தார்கள்.
இருநூற்றைம்பதில் வரி போக மிஞ்சியது
அந்த யோசனைக்குச் சரியாயிற்று.

அப்படியானால் யார் அடைத்தது அந்தக் கடனை?
பல்செட் ஒட்டும் பசை கொஞ்சம்.
மூட்டுவலிக் களிம்பு கொஞ்சம்.
விபத்தா, உடனே அழையுங்கள் என்று
விரல் நீட்டும் வக்கீல் கொஞ்சம்.
இவர்கள் யாருக்கும் அவன் கடன்பட்டதில்லை.

டிசம்பரில் ஒருநாள் பல் மருத்துவமனைக்கே போனான்.
மேசைமேல் அறுபது டாலர் வைத்தான்,
மூன்று இருபதுகள், ஈரமானவை.
ட்ரீனா அவற்றைப் பார்த்தாள்.
"எனக்கு வரவேண்டியது வந்துடுச்சு கார்பின்.
ரெண்டு தடவை வாங்க நான் என்ன திருடியா?"
பிறகு, அவன் நகராததால்,
"பல் ஏதும் வலிக்குதா?"

இல்லை.
வெளியே வந்து நோட்டுகளைச் சாம்பல் கிண்ணத்தில் திணித்தான்.
மலைப்பாதை முழுக்க உறைபனி.
மூன்றாவது கியர்
வெண்ணெயில் கத்திபோல் விழுந்தது.