தீக்காவல்

ஜுபைலில் என் வேலை உட்கார்ந்திருப்பது.
இத்ரீஸ் குழாயில் வெல்டிங் வைப்பான்.
சிவப்பு சிலிண்டரோடு பக்கத்தில் நான்,
பொறி விழும் இடத்தையெல்லாம் பார்த்தபடி.
அவன் கையுறையைக் கழற்றிப் போன பிறகும்
அரை மணி நேரம் இருக்க வேண்டும்.
பெர்மிட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
நெருப்பு உடனே வராது.
கந்தல் துணிக்குள் போய்ப் படுத்திருந்து
எல்லோரும் சாப்பிடப் போனதும் எழும்.

இத்ரீஸ் தார்ஃபூர்க்காரன்.
உங்கள் ஊரில் எப்படி ஆரம்பித்தது என்று ஒருமுறை கேட்டேன்.
கிணறு, என்றான்.
கொஞ்சம் கழித்து, இல்லை, ரொட்டி விலை.
தண்ணீர் குடித்தான்.
பிறகு அரபியும் இந்தியும் கலந்து சொன்னான்:
"அண்ணன் பயந்துபோய்த் துப்பாக்கி வாங்கப் போனான்.
அதே கடையில் எதிர்வீட்டுக்காரன்
பயந்துபோய் நின்றிருந்தான்.
இரண்டு பேரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள்."
அத்தோடு முகமூடியை இறக்கிவிட்டான்.

எங்கள் அறையில் ஆறு கட்டில்.
கொம்பையாவும் சுடலைக்கண்ணுவும் ஒரே ஊர்,
மேலும் கீழுமாகப் படுக்கை.
ஊரில் ஒருவன் தெருவுக்குள் மற்றவன்
செருப்போடு போக முடியாது.
இங்கே ஒரே ஜோடிச் செருப்பை
மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு குளிக்கப் போவார்கள்.
நாலு வருஷமாக ஒரே குக்கர்.

வியாழன் இரவு குரல் பதிவு வந்தது.
நாற்பத்திரண்டு விநாடி.
கொடிக்கம்பத்தை வெட்டிட்டானுவ,
பஸ் ஸ்டாப்புல வச்சு நம்ம பையன மறிச்சிட்டானுவ,
அங்க உக்காந்து சோறு திங்கியளோ?
பேசியவன் யாரென்று இருவருக்கும் தெரியாது.
இருவருக்கும் வந்தது ஒரே பதிவு.
நம்ம பையன் என்பதில் பெயர் இல்லை,
அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மாசமாகச் சம்பளம் இல்லை.
அதற்கு யாரை அடிப்பது?
கம்பெனிக்கு முகம் கிடையாது.
கீழ்க்கட்டிலுக்கு உண்டு,
மேல்கட்டிலுக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது குக்கர் வந்தது.
லுலுவில் ஆஃபர், என்றான் கொம்பையா,
யாரும் கேட்காமலே.
உப்பு டப்பா மட்டும் நடுவில் நின்றது
யாருடையது என்று முடிவாகாமல்.

ஞாயிறு டீ நேரத்தில் இத்ரீஸ் கேட்டான்,
உங்கள் ரூமில் கட்டில் ஆடுகிறதா?
இரண்டு பேர் வந்தார்களாம், தனித்தனியாக.
கட்டில் காலுக்குக் குழாய் வேண்டும் என்றார்களாம்.
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை
அளவு காட்டினான்.
"ஒரே குழாயில்தான் இரண்டையும் வெட்டினேன்.
ஒருவன் போகும்போது
ஒரு முனைக்கு டேப் சுற்றிக் கேட்டான்.
அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்."
டீயை மணலில் கொட்டினான்.

இரவு விளக்கு அணைந்தது.
நான் வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில்.
உள்ளே ஏசி இரைந்தது.
மேல்கட்டில் கிறீச்சிட்டது.
உடனே கீழ்க்கட்டில் இருமியது.
இவன் தூங்கட்டும் என்று அவன்,
அவன் தூங்கட்டும் என்று இவன்.
கொல்வதற்கு என்று நினைக்காதீர்கள்,
அவரவருக்கும் நிம்மதியாகத் தூங்கத்தான்.

இத்ரீஸ் வந்து பக்கத்தில் குந்தினான்.
சிலிண்டர் எங்கே என்று கேட்கவில்லை.
எவ்வளவு நேரம், என்றான்.
அரை மணி என்று வாய்வரை வந்தது.
அதற்குள், அறைக்குள்ளே, தலையணைக்கு அடியில்
யாருடைய போனோ அதிர்ந்து
சுவரில் நீல வெளிச்சம் விழுந்தது.

ஒன்று, இரண்டு என்று
நாற்பத்திரண்டு வரை எண்ணத் தொடங்கினேன்.