துண்டு விழும் மாதம்

மூன்று வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று
டாக்டர் கணினியில் தட்டிவிட்டாராம்.
கையில் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை.
சம்பளம் வரும், நூற்றுக்கு எண்பது.
யாகோடா இதைச் சொல்லிவிட்டு
கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள்.
ஒரு காலில் பூட்ஸ்.
இன்னொன்று வாசலில் பனி கரைந்து
குட்டையாகிக்கொண்டிருந்தது.

வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடு அனுப்பும் கம்பெனியில்
அவள் தொலைபேசி எடுப்பவள்.
நாளுக்குத் தொண்ணூறு குரல்.
பாதி திட்டும், பாதி அழும்.
"தவணையாகக் கட்டலாம், ஐயா"
என்று தூக்கத்திலும் ஒருமுறை சொன்னாள்.
நான் "சரி" என்றேன்.

போன செவ்வாய், ஒரு அழைப்பின் நடுவே
பேச்சு நின்றுவிட்டதாம்.
பதிவில் நான்கு நிமிடம் வெறும் மூச்சு.
எதிர்முனையில் இருந்தவர்
ஐந்து மாதமாகக் கட்டணம் கட்டாதவர்.
அவர் போனை வைக்கவில்லை.
காத்திருந்தார்.

நான் டிராம் பணிமனையில் பிரேக் பார்ப்பவன்.
எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தால்
கட்டையை மாற்ற வேண்டும் என்பது மனப்பாடம்.
அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு
கட்டம் போட்ட நோட்டை விரித்தேன்.
வீட்டுக் கடன் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
அதற்குக் காய்ச்சல் வராது, விடுப்பும் கிடையாது.
லிட்காவின் பல் கம்பி.
டிமோனின் நீச்சல்.
காருக்குக் குளிர்கால டயர்:
போன வருடமே மொட்டை.
கூட்டிக் கழித்தால்
அறுநூற்றுத் தொண்ணூறு ஸ்லோட்டி துண்டு விழுந்தது.

"துண்டு எங்கிருந்து விழுகிறது?" என்றாள்.
விளக்க வாயெடுத்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பென்சிலை வாங்கி
'இதர' என்ற வரியின் கீழ் கோடு போட்டாள்.
நூற்று எண்பது, மாதாமாதம், என் கையெழுத்தில்.
விட்டுவிட்டதாக நான் சொன்ன சிகரெட்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
திட்டவும் தெம்பு வேண்டும்.
"இதில் என்னுடையதும் இருக்கிறது" என்றாள்.

வியாழன்தோறும் கூடுதல் நேரம் வேலை என்றாளே,
அது வேலையில்லை.
போஸ்னானின் கண்ணாடிப் பனைமரக் கூடத்துக்கு
இருபது சொச்சம் கொடுத்துச் சீட்டு வாங்கி
வாழை மரத்தடி பெஞ்சில் ஒரு மணி நேரம்.
வெளியே மைனஸ் ஒன்பது, உள்ளே வியர்வை.
"யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.
ஒரு ஆமை இருக்கிறது. அதுவும் கேட்காது."

அந்த வியாழன்களில்
நான் உருளைக்கிழங்கு உரித்தபடி
அவள் கம்பெனியைச் சபித்திருக்கிறேன்.
கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டு
கடிதம் எழுது என்று கத்தியுமிருக்கிறேன்.
கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
எழுந்து பாத்திரம் கழுவினேன்,
கழுவிய பாத்திரங்களையே.

திரும்பி வந்து வெட்டத் தொடங்கினோம்.
சிகரெட் போயிற்று.
சனிக்கிழமை இறைச்சி போயிற்று.
டயர் அடுத்த சம்பளத்துக்குப் போயிற்று,
அதுவரை கார் நிற்கட்டும்,
டிராம்காரனுக்கு டிராம் ஓசி.
பென்சில் அந்த இருபது சொச்சத்தின் மேல் வந்தபோது
அவள் கை நின்றது.
"இதையும்?" என்றாள்.
நான் நோட்டை மூடிவிட்டேன்.
இன்னும் தொண்ணூறு துண்டு விழுகிறது.
என் தங்கையிடம் கேட்க வேண்டும்,
கேட்டால் அவள் கணவன் பேசுவான்,
பேசட்டும்.

முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள்.
பகலில் போன் அடித்தால்
லிட்கா ஓடிப்போய்த் தலையணைக்கடியில் திணிப்பாள்.
ஒரு நாள் சூப்பில் உப்பே இல்லை,
ஒருவரும் சொல்லவில்லை.
இன்னொரு நாள் காரணமில்லாமல்
டிமோனைக் கத்தித் தீர்த்தாள்,
பிறகு அவன் கட்டிலோரம் தரையில் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை
இரண்டு காலிலும் பூட்ஸ் மாட்டினாள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

இரவு, நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினேன்:
வாழை, இருபத்தைந்து.
தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த டிமோன்,
"எத்தனை கிலோ?" என்றான்.