ஒரு வரி

குரோனிங்கனில் ஜனவரி. கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் அலுவலகம்.
ஒன்பது பேர், ஒரு காபி இயந்திரம்,
நாற்பதாயிரம் தளங்களின் மேல் விரித்துப் பிடித்த குடை.
எறிகிற கல் எங்கள் மேல் விழும்.
குடைக்குள் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று
காது கொடுப்பதில்லை.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

மூன்றாம் தேதி ஒரு தளம்
ஆசென் ஊர் ஆசிரியை ஒருத்தியின் வீட்டு எண்ணைப் போட்டது.
வாசற்கதவின் படம்.
மகள் எந்தப் பேருந்தில் போகிறாள் என்பதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வீபேயைக் கேட்டோம்.
"இன்னும் எதுவும் சொல்லவில்லை" என்றார்,
பக்கத்து அறையில் அது தூங்குவதுபோல்
குரலைத் தாழ்த்தி.

பத்து நாள் கூடிக் கூடிக் கலைந்தோம்.
"விட்டுவிடலாம்" என்றாள் யிட்ஸ்கே.
எதை என்று யாரும் கேட்கவில்லை.
தளத்தையா, பேச்சையா?
மேசையைச் சுற்றி எல்லோரும் தலையசைத்தோம்,
ஆளுக்கொரு அர்த்தத்துக்கு.

இரவு இரண்டு நாற்பது. என் முறை.
அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரி.
அழித்தேன்.
குடை மடங்கிய ஆறாவது நிமிடம்
வெளியே காத்திருந்த கற்களெல்லாம் சேர்ந்து விழுந்தன.
எறிந்தவர்கள் யாரென்று தெரியாது. நல்லவர்களாகவும் இருக்கலாம்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
சைக்கிள் இருக்கையில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது
நிம்மதியாக இருந்ததே உறுத்தியது.

விடிவதற்குள் அந்தத் தளம் வேறொருவர் குடையில்,
வேறு நாட்டில், அதே கதவின் படத்தோடு.

ஆசிரியையிடமிருந்து இரண்டு வரி வந்தது:
"உங்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று.
நாங்கள் வீடு மாறிவிட்டோம்."
நன்றி என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று
வீபே மறுபடியும் படித்துப் பார்த்தார்.

வியாழனன்று இன்னொரு கடிதம். ஓர் அமைச்சகம்;
எந்த நாடு என்று நான் சொல்லக்கூடாது.
அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் நடத்தும் தளம் ஒன்று,
வேலைநிறுத்தத்தில் அடிபட்டவர்களின் பெயர்கள், வயது,
எந்த மருத்துவமனை, எந்தக் கால்.
அதுவும் எங்கள் குடையில்தான் இருந்ததாம்.
கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை:
"முடியாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள்.
முடியும் என்று இப்போது அறிகிறோம்."

பதில் எழுத உட்கார்ந்தேன்.
முடியாது என்று தட்டினேன். பழைய பழக்கம்.
திரையில் அது நிற்கவில்லை, நானே பார்க்கப் பொய்யாயிற்று.
அடித்துவிட்டு
மாட்டோம் என்று எழுதினேன்.

முடியாது என்பதை இத்தனை வருடமும் இயந்திரமே அனுப்பியது.
இதற்குக் கீழே
யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.
யிட்ஸ்கே பேனாவைத் தேடுகிறாள்.
வீபே காபி எடுக்கப் போனவர்
இன்னும் வரவில்லை.