மூச்சைப் பிடிங்க

பாபுராவ் தெரு லாட்ஜில்
அறை வாடகை நாளுக்கு நானூற்றைம்பது,
ஸ்டவ்வும் பாத்திரமும் தனி.
மொட்டை மாடி மட்டும் அன்றைக்கு இலவசம்.
‘கவிதையும் சத்தமும், இரவு எட்டு மணி’ என்று
முனவ்வர் அட்டையில் எழுதி
லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தான்.
லிஃப்ட் ஓடவில்லை.

சித்திரை. எதிரே பாறை மலை
பகலெல்லாம் குடித்த வெயிலை
நிதானமாக எங்கள்மேல் ஊதிக்கொண்டிருந்தது.
வந்தவர்கள் பதினோரு பேர்.
நாலு பேர் கவிதைக்காரர்கள்.
மற்றவர்கள் காய்ந்த துணி எடுக்க வந்து
மடியில் புடவைக் குவியலோடு
அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள்.
மால்டா, தும்கா, அசன்சோல்.
அவர்களுக்குத் தெரிந்த தமிழ்
‘எவ்வளவு’, ‘நாளைக்கு’, ‘டோக்கன் வாங்கு’.

பகலில் ஏசி மெக்கானிக்கான முனவ்வர்
தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில்
காசளவு மைக்குகளை டேப் போட்டு ஒட்டினான்.
கிருபா வயலினை மடியில் குப்புறக் கிடத்தி
வில்லின் கட்டையால் அதன் முதுகைத் தட்டினாள்.
ஞாயிற்றுக்கிழமை கொயரில் இதே வயலின்
சொன்ன பேச்சு கேட்கும்.
“இது இன்னா ராகம்மா?” என்றார் மேனேஜர் சம்பங்கி.
“இன்னும் முடிவாவல சார்.”

மூன்றாவதாக நான்.
கையில் ஏழு பக்கம் பாலாறு.
மணல், லாரி, காய்ந்த மார்பு,
போன ஊரிலெல்லாம் கைதட்டு வாங்கிய வரிகள்.
தொட்டி உறுமியது, வயலின் பல்லைக் கடித்தது.
என் ஆறு மட்டும் அந்தச் சத்தத்தில் இறங்காமல்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
கரையிலேயே நின்றது.

அப்போது முனவ்வர் எதையோ திருகினான்.
டக் டக் டக் டக்
ர்ர்ர்ர்ர்
டக்.

இது எனக்குத் தெரியுமே.
தினம் எட்டு மணி நேரம்
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்பது.
தாலி, பல்செட், அரைஞாண் கொடி எல்லாம் கழற்றித்
தட்டில் வைத்துவிட்டு
ஆள் குழாய்க்குள் போவார்.
உள்ளே அவருக்கு இடி இறங்கும்.
நான் மைக் பொத்தானை அழுத்துவேன்.

வாய் தானாகச் சொன்னது:
மூச்சை இழுங்க.
தொட்டி அடங்கியது.
பிடிங்க. அப்படியே பிடிங்க.
கிருபா வில்லை அந்தரத்தில் நிறுத்தினாள்.
விடுங்க.

பாலாற்றைக் காலடியில் போட்டுவிட்டு
ஆறு வருஷத்தில் நான் கற்ற
மொத்த வங்காளத்தையும் சொன்னேன்.
ஷாஷ் நின்.
தோரே ராக்குன்.

புடவைக் குவியல்கள் நிமிர்ந்தன.
மாடியே மூச்சைப் பிடித்தது.
கீழே ஓர் ஆட்டோ,
காட்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ்,
தொட்டிக்குள் எங்கோ ஒரு சொட்டு.
முனவ்வர் எதையும் தொடவில்லை.
அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன்,
வேண்டுமென்றே.
அன்றைக்கு நான் எழுதியது
அந்தத் தாமதம் மட்டும்தான்.

சேடே தின்.

முனவ்வர் என் மைக்கைப் பிடுங்கி
அவர்கள் பக்கம் நீட்டினான்.
விட்ட மூச்செல்லாம் ஸ்பீக்கருக்குள் போய்ச் சுற்றி
ஏதோ கடலாகத் திரும்பி வந்தது.
கடல் பார்க்காத ஊர் இது.
ஒரு பெண் சிரித்துவிட்டாள். இன்னொருத்தி
முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“போதும் சார்,” சம்பங்கி ஓடிவந்தார்,
“பதினாலாம் நம்பர்ல பேஷண்ட் கீறாரு.”
அவருக்குப் பின்னால்
கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி
பதினாலாம் நம்பரே ஏறி வந்துகொண்டிருந்தார்.
பரிமல் மோண்டல். காலை பத்தே காலுக்கு
என் குழாய்க்குள் இருந்தவர்.
என் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை.
குரல் கேட்டு வந்திருக்கிறார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.
விரலை மடக்கி மடக்கிக் கேட்டார்,
காலையில் பன்னிரண்டு செகண்ட்,
இப்போது எத்தனை?

படம் என் கண்ணில் நின்றது.
ரிப்போர்ட் நாளைக்குத்தான்,
அதுவும் என் வாயால் இல்லை.

உங்க இஷ்டம் என்றேன்,
எந்த மொழியில் என்று ஞாபகமில்லை.
கிருபா வில்லைத் தூக்கினாள்.
அவர் கண்ணை மூடி
நெஞ்சு நிறைய இழுத்தார்.
நான் எண்ணவில்லை.