கடைசியாகச் சுகமாக இருந்த நேரம்

படிவத்தில் அது நான்காவது கட்டம்.
இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:
கடைசியா சொகமா இருந்தது எப்ப?

மணி பார்த்துச் சொன்னவர்கள் குறைவு.
முதல் பூசைக்கு மணியடிக்கையில்
கட்டஞ்சாயா கேட்டாரு, என்றாள்
இனயத்திலிருந்து வந்தவள்.
தொண்ணூத்தாறு மரம் ஒழுங்கா வெட்டியிருக்கான்,
அடுத்த மரத்தில கோடு கோணிப்போச்சு, என்றான்
கீரிப்பாறைப் பால்வெட்டுக்காரன்,
தம்பியின் தலையைத் தோளில் தாங்கியபடி.
மரத்துக்கு முக்கால் நிமிஷம்,
தொடங்கியது நாலு மணி.
ஐந்து பன்னிரண்டு என்று எழுதினேன்.

கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு
நாலரை மணி நேரம் கெடு.
அதற்கப்புறம் குளிர்பெட்டியில்
அது வெறும் குப்பி.

முதல் வருஷத்துக் கணக்கை
மாவட்ட வரைபடத்தில் குத்திப் பார்த்தேன்.
வந்தவர்கள் இருநூற்றுப் பதினேழு.
ஊசி போட முடிந்தது ஒன்பது.
ஒன்பது குண்டூசியும் நாகர்கோவிலைச் சுற்றி
நெருக்கியடித்து நின்றன.
ஒன்பது வீட்டிலும் கார் இருந்தது.
ரத்தக்கட்டி ஆள் பார்த்து வராது
என்று படித்திருந்தேன்.
வராதுதான். ரோடு பார்க்கும்.

திருவனந்தபுரத்திலிருந்து அழைத்தார்கள்,
மூன்று மடங்கு சம்பளம்.
ரெஞ்சித் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மேப்பை எப்ப சொவர்ல இருந்து எடுப்ப,
என்று மட்டும் கேட்டார்.

குலசேகரம் ஜீப் ஸ்டாண்டில் நின்று சொன்னேன்:
சிரிக்கச் சொல்லுங்க,
ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க,
பேரைச் சொல்லச் சொல்லுங்க,
ஒண்ணு கோணினாலும் நேரே ஆசாரிப்பள்ளம்.
சிரிச்சா வாடகை கெடைக்குமா டாக்டரம்மா,
என்றான் ஏசுவடியான்.
நியாயந்தான்.
அந்த வாடகைக்காகக் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில்
பதினான்கு மாதம்.
அந்த மாதங்களில் வராமலே போனவர்களுக்கு
என்னிடம் குண்டூசி இல்லை.

கருங்கல் சந்தையில் புஷ்பலீலா
மீன்பாத்திரத்தின் மேல் சரிந்திருந்தாள்.
வெயில் மயக்கம் என்று தாண்டிப் போனார்கள்.
சாளை நாறத் தொடங்கிய பிறகுதான்
யாரோ குனிந்து பார்த்தார்கள்.
கடைசியா சொகமா இருந்தது எப்ப?
கூட வந்தவர் ஆட்டோக்காரர்.
வீட்டில் அவள் மட்டும்.
சுகமாக இருந்ததைப் பார்க்கவும்
ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காலியாக விட்டால் ஊசி இல்லை, விதி அது.

இப்போது அவளிடம் ஒரு சொல்தான் மிச்சம்.
ஆமாவும் இல்லையும் வலியும்
என் பெயரும்கூட
நெத்திலி.

போன வியாழக்கிழமை
பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையிலிருந்து
சடையன் காணியைக் கொண்டுவந்தார்கள்.
படகு, பிறகு ஏசுவடியானின் ஜீப்,
பிறகு ஆம்புலன்ஸ்.
நான் வாய் திறக்குமுன்
மகள் இடது கையை நீட்டினாள்.
பால்பாயிண்ட் பேனாவில், வியர்வையில் கொஞ்சம் கலங்கி:
6.40 அப்பன் சிரிச்சாரு.
எட்டாம் வகுப்பு.
அவள் பள்ளிக்கூடத்துக்கு நான் போன நாள்
எனக்கே ஓர்மையில்லை.
வந்து சேர்ந்தது ஒன்பது ஐந்துக்கு.
ஊசி ஒன்பது முப்பத்தெட்டுக்கு.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில்
எங்கே, ஒரு தடவை சிரிங்க, என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்து,
எதுக்கு, என்றார்.

வரைபடத்தில் அந்த இடம்
பெயரில்லாத பச்சை.
தேடித் தேடிக் குத்தினேன்.

செவ்வாய்தோறும் பயிற்சிக்கு வரும் புஷ்பலீலாவிடம்
படகையும் கையெழுத்தையும் சொன்னேன்,
பீற்றிக்கொண்டுதான் சொன்னேன்.
அவள் இடது கையால்
வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
நெத்திலி, என்றாள்.

அது எந்த நெத்திலி என்று
முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.