ஏணி பெண்பால்

மழலையர் பள்ளிக்கு வந்த ஜெர்மன் குறுந்தகடு
மூன்றாவது வாரமே கீறல் விழுந்து
"கூட்டன், கூட்டன், கூட்டன்" என்று திக்கியது.
காலை வணக்கம் காலைக்குப் போய்ச் சேரவே இல்லை.
புத்தகம் மட்டும் மிஞ்சியது:
குளத்தில் விழுந்த நிலவை எடுக்க
ஏணி தேடி அலையும் முள்ளெலி,
பதினான்கு பக்கம், ஓரமெல்லாம் பிளம் ஜாம்.

நானே வாசிக்கலாம்தான்.
என் ஜெர்மன் மாலை வகுப்பில் வாங்கியது,
குத்தாய்சி மழையில் நனைந்த தீப்பெட்டி.
உரசினால் வாசனை வரும்,
அவ்வளவுதான்.

தெக்லேயின் அம்மா ஷொரேனா காஸல் நகரத்தில் இருக்கிறாள்.
விடியற்காலை நான்கு மணி விமானத்தில் போனவள்.
வயதான ஒருவருக்கு இரவுத் துணை:
மாத்திரை, போர்வை, சிறுநீர்ப் பை.
பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினேன்.
மறுநாள் என் கைபேசியில் வந்து இறங்கியது
பதினோரு நிமிடக் குரல்.

அவர் தூங்குகிறார் என்பதால்
கிசுகிசுத்தே வாசித்திருந்தாள்.
முள்ளெலி கிசுகிசுத்தது. ஆந்தையும்.
கோபக்கார வாத்துகூட மூச்சுக்காற்றில்தான் கத்தியது.
பின்னால் ஏதோ ஓர் இயந்திரம்
பால் பொங்குவதற்குச் சற்று முன்பான சத்தத்தில்.

ஆறாம் பக்கத்தில் "டேர் லைட்டர்" என்றாள்.
ஏணி அங்கே பெண்பாலாம்.
ஆண்பாலில் சொன்னால் மேலாளர் ஆகிவிடும்.
எங்கள் ஜார்ஜிய மொழியில்
அவனுக்கும் அவளுக்குமே ஒரே சொல்,
ஏணியிடம் போய் யார் கேட்டது?
முள்ளெலி நான்கு காலாலும்
ஒரு மேலாளர்மேல் ஏறத் தொடங்கிய நொடியில்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு:
"டீ. டீ லைட்டர், ஃப்ராவ் ஷொரேனா."
அப்புறம் சிரிப்பு. சிரிப்பு இருமலாகி,
தண்ணீர் ஊற்றும் ஓசை.
"மன்னியுங்கள், எழுப்பிவிட்டேன்."
"விழித்துத்தான் கிடந்தேன். வாத்து என்ன ஆயிற்று?"

வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.
அதற்குள் நூத்சாவுக்கு மனப்பாடம்.
தப்பு, திருத்தம், இருமல், தண்ணீர்
எல்லாம் சேர்ந்தே பதினேழு வாய்களில் ஏறிவிட்டது.
ஆறாம் பக்கம் வந்ததும் வகுப்பே இருமும்.
இலிக்கோவின் அப்பா வாசலில் நின்று கேட்டார்,
பள்ளியில் சளி ஏதும் பரவுகிறதா என்று.

பனிக்காலத்தில் ஒரு பார்வையாளர் வந்தார்,
பிரேமனிலிருந்து, மஞ்சள் மழைக்கோட்டில்.
கதவைத் திறந்ததும் அறை அதிர
"கூட்டன் மோர்கன், கிண்டர்!"
பதினேழு விரல்கள் பதினேழு உதடுகளுக்குப் போயின.
பாவம், அவருக்குத் தெரியவில்லை,
பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது
பேசும் மொழிதான் ஜெர்மன் என்று.

அடுத்தடுத்து கதைகள் வந்தன.
இரண்டாவதில் ஆட்டுக்குக் குரல் கொடுத்தது அவர்தான்.
மூன்றாவதில் தானே ஒரு ஓநாயைச் சேர்த்துக்கொண்டார்,
புத்தகத்தில் ஓநாயே கிடையாது.
கெகா ஒரு வாரம் மேசைக்கு அடியில் அதைத் தேடினான்.
நான்காவதில் பாதிக் கதையில் தூங்கிப்போனார்,
குறட்டையோடு முடித்தாள்.

ஐந்தாவது தாமதமாக வந்தது, ஏப்ரலில்.
பொத்தானை அழுத்தினேன்.
ஷொரேனா முழுக்குரலில் வாசித்தாள்.
அவள் குரல் இவ்வளவு பெரிதென்று
தெக்லேகூட மறந்திருந்தாள் போலும்,
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.
பால் பொங்கும் சத்தம் இல்லை.
எங்கோ ஒரு டிராம் வளைந்து போயிற்று.

"டாஸ் லோஃபல்" என்றாள், கரண்டியை.
தப்பு.
பிள்ளைகள் நிமிர்ந்து கைபேசியைப் பார்த்தார்கள்.
அவளும் அங்கே
எதற்கோ காத்த மாதிரி ஒரு மூச்சு நின்று,
அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நிறுத்தினேன்.
ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை.
தெக்லே எழுந்து வந்து
ஒலிபெருக்கியின் சின்னத் துளைகளில் வாயை வைத்து
யாரையும் எழுப்பிவிடாத குரலில் சொன்னாள்:
"டேர். டேர் லோஃபல், ஃப்ராவ் ஷொரேனா."

மற்றவர்கள்
முறைப்படி இருமினார்கள்.